பச்சையா, காய்ச்சினதா? முந்திரித் தோல் எண்ணெய் வாங்கிப் பூசிய அனுபவம்

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகிற வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. வழி கேட்டபோது டீக்கடைக்காரர், "தோல் எண்ணெய்க் கொட்டகைதானே? நேரா போங்க, அப்புறம் மூக்கே சொல்லிடும்" என்றார். அப்படியே சொல்லிவிட்டது. அதனால் இதில் கடையின் பெயரைத் தேடாதீர்கள். அங்கே வாங்கிய இரண்டு வகை எண்ணெயையும், வேறொரு கடையில் வாங்கிய ஒரு டப்பா பூச்சையும் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு இது எதற்கு என்றால், ஆட்டுப் பரணுக்கு. 34 ஆடுகள் வைத்திருக்கிறேன். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் பரண், கால்கள் சவுக்கு, குறுக்குச் சட்டங்கள் பனை. மேலிருந்து புழுக்கையும் மூத்திரமும் விழுந்துகொண்டே இருக்கும். கீழே செம்மண், கரையானுக்குச் சொந்த ஊர். முதல் பரண் போட்ட மூன்றாவது வருஷம், ஒரு மழை ராத்திரியில் ஒரு பக்கம் அப்படியே சரிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கால் நன்றாகத்தான் இருந்தது. தட்டிப் பார்த்தால் உள்ளே மாவு. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எனக்குத்தான் மழை பெய்தால் தூக்கம் வராது.

அதுவரை நான் செய்தது ஊரில் எல்லோரும் செய்வதுதான். மெக்கானிக் கடையில் வடித்து வைத்திருக்கும் பழைய என்ஜின் ஆயிலைக் கேனில் பிடித்து வந்து தடவுவேன். காசே இல்லை, கரையானும் கொஞ்ச நாள் வராது. ஆனால் அது உலோகத் துகளும் புற்றுநோய் தரக்கூடிய பொருட்களும் கலந்த கழிவு. ஆடு அதில் முதுகை உரசுகிறது. மழையில் வழிந்து எருக்குழியில் சேர்கிறது. அந்த எருவைத்தான் நான் கத்தரிக்குப் போடுகிறேன், அந்தக் கத்தரிக்காயைத்தான் குழம்பு வைக்கிறேன். பரண் விழுந்த பிறகு உட்கார்ந்து யோசித்தபோது, நான் பதினோரு வருஷம் கணக்கு எழுதிய முந்திரித் தொழிற்சாலையின் கொல்லையில் மலை மாதிரி கிடக்கும் தோல் ஞாபகத்துக்கு வந்தது.

முந்திரிக் கொட்டை மூட்டை 80 கிலோ. உடைத்துத் தோலுரித்தால் பருப்பு 20 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். மீதி பெரும்பாலும் தோல். அந்தத் தோல் வெறும் ஓடு இல்லை. மேலோட்டுக்கும் உள்ளோட்டுக்கும் நடுவே தேன்கூடு மாதிரி அறைகள், அறை முழுக்க எண்ணெய். தோலின் எடையில் 20 முதல் 25 சதவீதம் எண்ணெயாக எடுக்கலாம். எங்கள் கணக்கில் அதற்குத் தனிப் பெயர்கூட இல்லை. "இதர வரவு" என்று எழுதி, செங்கல் சூளைக்கு லாரியில் ஏற்றிவிடுவோம். சூளையில் அது எரிகிறபோது வரும் புகை கண்ணை அறுக்கும்.

அதற்கும் முன்னால், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தோலே மிஞ்சாது. தகர வாணலியில் கொட்டையைப் போட்டு அடியில் தீ மூட்டுவார்கள். கொட்டை சூடேறி, எண்ணெய் கசிந்து, குப்பென்று பற்றிக்கொள்ளும். தண்ணீர் தெளித்து அணைத்து, மண்ணில் கொட்டி, ஆறியதும் சுத்தியலால் உடைப்பார்கள். இன்றைக்கு லிட்டர் 60 ரூபாய், 90 ரூபாய் கொடுத்து நான் வாங்கும் எண்ணெய் முழுவதும் அன்றைக்குக் கரும்புகையாக ஆகாயத்துக்குப் போனது. மிச்சம் அம்மாவின் கையில் ஒட்டிக்கொண்டது. அம்மா முப்பது வருஷம் கொட்டை உடைத்தவள். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவாள். சாயங்காலம் சாம்பல் போய்க் கருப்புதான் இருக்கும். தோல் உரிந்து, ஆறி, திரும்ப உரியும். ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த பிறகு பத்து விரலையும் வைத்துப் பார்த்தாலும் அது அம்மாவை யாரென்றே ஒத்துக்கொள்ளவில்லை. ரேகை இருந்தால்தானே. அந்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

வறுக்கும் வாணலி போய்க் கொட்டையை ஆவியில் வேகவைக்கும் குக்கர் வந்தது. ஆவியில் வெந்தால் எண்ணெய் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். அந்தத் தோலைத்தான் இந்தக் கொட்டகையில் வாங்கி, எக்ஸ்பெல்லரில் கொடுத்துப் பிழிகிறார்கள். கடலை ஆட்டுகிற மெஷின் மாதிரிதான், திருகு இன்னும் தடிமன். கரைப்பான் எதுவும் ஊற்றுவதில்லை. பக்கவாட்டில் கருஞ்சிவப்பாக எண்ணெய் வடிகிறது, முன்னால் புண்ணாக்கு தகடு தகடாக விழுகிறது. நான் போன நாளில் இரண்டு மெஷின்களில் ஒன்றுதான் ஓடியது. "இப்ப நம்ம ஊர்க் கொட்டை இல்லம்மா, ஆப்பிரிக்காக் கொட்டைத் தோலு. சீசன்ல வாங்க, எண்ணெய் இன்னும் நிக்கும்" என்றார் கொட்டகைக்காரர். விற்பவர் தன் சரக்கைப் பற்றி அவ்வளவு சொன்னதே எனக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு வகை இருக்கிறது என்பதை அவர்தான் சொன்னார். பச்சை எண்ணெய் லிட்டர் 60 ரூபாய். காய்ச்சினது 90. என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "பச்சை சுடும், காய்ச்சினது அவ்வளவா சுடாது" என்றார். முதல் தடவை நான் வழக்கம்போல விலையைப் பார்த்துப் பச்சையில் ஐந்து லிட்டர் வாங்கினேன்.

தப்பு. டர்பன்டைன் கலந்து இரண்டு கால்களுக்குப் பூசினேன். இருபது நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. காற்றில் பறந்த சருகு, கோழி இறகு, எறும்பு எல்லாம் அதில் ஒட்டி, கால் இரண்டும் ரோமம் முளைத்த மாதிரி நின்றன. மேல்கையில் ஒரு சொட்டு தெறித்ததை உடனே துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த இடம் கொப்புளித்து, தழும்பு இன்னும் இருக்கிறது. கரையான் என்னவோ வரவில்லை. ஆனால் நானும் அந்தப் பக்கம் போக முடியவில்லையே.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது இந்தக் கொப்புளத்தைக் காட்டினேன். "சித்தி, நீங்க சேங்கொட்டையோட சொந்தக்காரனைக் கையில ஊத்தியிருக்கீங்க" என்றான். சலவைக்காரர்கள் துணியில் அழியாத குறி போடுவார்களே, அந்தச் சேங்கொட்டையும், உதட்டைப் புண்ணாக்கும் மாங்காய்ப் பாலும், முந்திரியும் ஒரே குடும்பம். பச்சையாகப் பிழிந்த எண்ணெயில் பாதிக்கு மேல், 60 - 70 சதவீதம் வரை அனகார்டிக் அமிலம். கால் ஆணிக்குப் போடும் மருந்தில் இருக்கிற சாலிசிலிக் அமிலம் தெரியுமா? அதே உருவத்துக்குப் பின்னால் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால் கட்டியது இது. எங்கள் பக்கம் பித்தவெடிப்புக்கும் கால் ஆணிக்கும் முந்திரி எண்ணெயைத் தொட்டு வைப்பார்கள்; தோலை உரித்தெடுக்கும் என்பது அவர்களுக்குப் பெயர் தெரியாமலே தெரிந்திருக்கிறது.

இந்த எண்ணெயை 180 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் அமிலம் உடைந்து கரியமில வாயு வெளியே போய்விடும், நிற்பது கார்டனால். வால் அப்படியே இருக்கும், தலையில் மட்டும் ஒரு துண்டு கழன்றுவிடும் என்று தரையில் குச்சியால் வரைந்து காட்டினான். கார்டனால் ஒரு வகைப் பீனால். ஒட்டுப்பலகைப் பசைக்கும், வார்னிஷுக்கும், பூச்சுக்கும் தொழிற்சாலைகள் வாங்குகிற சாதாரண பீனால் பெட்ரோலியத்தில் கிடைக்கும் பென்சீனிலிருந்து வருகிறது. இது கொல்லைக் குப்பையிலிருந்து வருகிறது. சாப்பாட்டுப் பொருள் எதையும் பறிக்காமல் வருகிறது. பருப்பை எடுத்த பிறகுதானே தோல். பஸ், லாரி பிரேக் லைனிங்கில்கூட இந்த எண்ணெயைக் கெட்டியாக்கி அரைத்த தூளைக் கலக்கிறார்கள், பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டைத் தாங்க. விருத்தாசலம் பஸ்ஸில் எத்தனை தடவை அதன் மேலே உட்கார்ந்து போயிருப்பேனோ.

இரண்டாவது தடவை போனபோது காய்ச்சும் இடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். காட்டினார். முன்னெல்லாம் திறந்த கொப்பரையில் காய்ச்சியிருக்கிறார். வாயு கிளம்பும்போது எண்ணெய் பால் மாதிரி பொங்குமாம். ஒரு தடவை பொங்கி அடுப்பில் வழிந்து கொட்டகையின் ஒரு மூலை எரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூடிய தொட்டி, பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை, பக்கத்தில் வெப்பமானி. மேலே போகிற குழாய் ஒரு தண்ணீர்த் தொட்டி வழியாகப் போய் வருவதால் நெடி பாதியாகக் குறைந்திருக்கிறது. "இதுக்கு ஆன செலவுதாம்மா அந்த முப்பது ரூபா" என்றார். எனக்கு அந்தக் கணக்கு நியாயமாகப் பட்டது. கணக்கு எழுதிய கை இல்லையா, விலை வித்தியாசத்துக்குக் காரணம் தெரிந்தால்தான் காசு கொடுக்க மனசு வரும்.

பத்து லிட்டர் காய்ச்சின எண்ணெய் வாங்கினேன். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன். சித்திரை வெயிலில் காய்ந்துகிடந்த புதுச் சவுக்குக் கால்கள் பன்னிரண்டு. மண்ணுக்குள் போகும் இரண்டடியை ஒரு பழைய டிரம்மில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், மேலே பிரஷ்ஷால் இரண்டு கை. முதல் கையை மரம் உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவது கை ஆறு நாளில் காய்ந்து, பழைய தேக்குக் கதவு நிறத்துக்கு வந்தது. நிறத்தைப் பார்த்தே கொடுத்த காசு செரித்துவிட்டது. பூசிய பிறகு இருபத்தைந்து நாள் ஆடுகளை அந்தப் பக்கம் விடவில்லை. ஆடு நிற்கிற பலகைக்கும் வாய் எட்டுகிற கம்பிக்கும் பூசவே இல்லை. ஆடு எதையும் ஒரு கடி கடித்துத்தான் பார்க்கும். நீங்களும் பூசாதீர்கள்.

இரண்டு ஐப்பசி, கார்த்திகை அடைமழை பார்த்தாகிவிட்டது. போன மாதம் ஒரு காலைச் சுற்றித் தோண்டிப் பார்த்தேன். ஊறவைத்த பகுதியில் கரையான் மண்பூச்சுகூட இல்லை. கடப்பாரையால் தட்டினால் கணீரென்கிறது. ஆனால் வெயில் நேரே விழுகிற மேற்குப் பக்கக் கால்களில் மேல்பூச்சு சாம்பல் பூத்து, கையால் தேய்த்தால் பொடியாக வருகிறது. வருஷத்துக்கு ஒரு கை பூசித்தான் ஆக வேண்டும். ஒரு தடவை பூசினால் பத்து வருஷம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்டிய முனைகளில் பூச மறந்த ஒரு சட்டத்தில் கரையான் ஏறியும்விட்டது. அது எண்ணெயின் குற்றமில்லை, என் அவசரம்.

அடுத்தது டப்பாப் பூச்சு. இது கொட்டகையில் இல்லை, டவுனில் பெரிய பெயிண்ட் கடையில். பேஸ் ஒரு டப்பா, ஹார்ட்னர் ஒரு டப்பா, இரண்டையும் கலந்து பூசும் எபாக்சி. ஹார்ட்னர் முந்திரி எண்ணெயிலிருந்து செய்தது என்று கடைப் பையன் சொன்னான். நான்கு லிட்டருக்கு 2,300 ரூபாய். பரணின் இரும்பு ஆங்கிளுக்கும் போல்ட்டுக்கும் வாங்கினேன். மூத்திர ஈரத்தில் இரும்பு இரண்டே வருஷத்தில் துருப்பிடித்துச் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

வேலையில் குறை சொல்ல முடியாது. மார்கழிப் பனியில், இரும்பு சரியாகக்கூடக் காயாத காலையில் பூசினேன், பிடித்துக்கொண்டது. கார்டனாலின் அந்த நீள வால் தண்ணீரை ஒதுக்குவதால்தான் ஈர இரும்பிலும் குளிரிலும் இந்த ஹார்ட்னர் இறுகுமாம். கப்பலுக்கு அடிக்கும் பெயிண்டில் இதைத்தான் போடுகிறார்கள். இதுவரை ஒரு புள்ளி துரு இல்லை.

ஆனால் டப்பாவின் மேல் பச்சை இலைப் படம் போட்டு "இயற்கையிலிருந்து" என்று எழுதியிருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. ஹார்ட்னரில் மட்டும்தான் முந்திரி. அதையும் ஃபார்மால்டிஹைடும் அமீனும் சேர்த்துச் சமைத்துத்தான் ஹார்ட்னர் ஆக்குகிறார்கள். பேஸ் டப்பா பெட்ரோலியப் பிசின், சந்தேகமே இல்லை. நான்கில் ஒரு பங்கோ என்னவோ முந்திரியைப் போட்டுவிட்டு டப்பா முழுக்க இலை வரைவது, மோரில் நாலு சொட்டுப் பால் விட்டு அதைப் பால் என்று விற்கிற வேலை. பெட்ரோலியம் அந்த அளவுக்குக் குறைந்தது நல்லதுதான், அதை அப்படியே எழுதியிருந்தால் இன்னும் பெருமையாக வாங்கியிருப்பேன்.

கொட்டகைக்காரரையும் சும்மா விட மனமில்லை. எண்ணெய் எடுத்த புண்ணாக்கைத் தன் பாய்லரிலேயே எரிக்கிறார். வெளியே விறகு வாங்குவதில்லை, குப்பையே மிஞ்சுவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். உண்மைதான். ஆனால் புண்ணாக்கில் இன்னும் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்தப் புகைக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லை. காய்ச்சும் குழாயில் காட்டிய அக்கறையைப் பாய்லர் புகைபோக்கியில் காட்டவில்லை. தோலைச் சல்லடையில் சலித்துக்கொண்டிருந்த மூன்று பெண்களில் ஒருவர் கையில்தான் கையுறை இருந்தது. கேட்டால், "வாங்கிக் கொடுத்தேன், போட மாட்டேங்கறாங்க" என்றார். வேர்வையில் ரப்பர் கையுறை எப்படி வேகும் என்று எனக்கும் தெரியும். துணி உள்பக்கம் வைத்த கையுறை கிடைக்கிறது, கொஞ்சம் விலை. அதையும் அந்த முப்பது ரூபாயில் சேர்த்துக்கொள்ளுங்கள், 95 ஆக்கினாலும் நான் வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்தார். அடுத்த தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணெய்க்கு ஐ.எஸ். 840 என்று ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. கொட்டகை எண்ணெயில் அப்படி எந்தச் சீட்டும் கிடையாது. தொழிற்சாலைக்கு வாங்குகிறவர்கள் சீட்டு கேட்டு வாங்குங்கள். பரணுக்கும் வேலிக்கும் பூசுகிற என் மாதிரி ஆட்கள் ஒரு பழைய பலகையில் ஒரு கை பூசி வெயிலில் வைத்துப் பாருங்கள். பத்து நாளில் காயவில்லை என்றால் அது சரியாகக் காய்ச்சப்படவில்லை.

அக்கா மகன் இன்னொன்றும் சொன்னான். கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல 70, 80 மடங்குக்கு மேல் அழுத்தினால் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் ஒரு மாதிரி ஆகி, தோலிலிருந்து எண்ணெயைச் சுத்தமாகக் கரைத்தெடுத்துவிடுமாம். அழுத்தத்தை விட்டால் வாயு தனியாகப் போய்விடும், எண்ணெய் தனியாக நிற்கும். காய்ச்சினால் போவதும் கரியமில வாயு, எடுக்கப் பயன்படுவதும் அதே வாயு என்பதில் அவனுக்கு ஏக சந்தோஷம். கொட்டகைக்காரரிடம் போய் இதைச் சொன்னானாம். "தம்பி, அந்த மெஷின் விலைக்கு நான் இன்னும் பத்து கொட்டகை போடுவேன்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ஜப்பானில் இதெமிட்சு என்ற நிறுவனம் இதே எண்ணெயிலிருந்து மாட்டுத் தீவனத்தில் கலக்கும் பொருளைக்கூடத் தயாரித்தது. அசைபோடும் வயிற்றில் மீத்தேன் குறைவதற்கு. அதைக் கேட்டுவிட்டு யாரும் கொட்டகை எண்ணெயை ஆட்டுத் தண்ணீரில் ஊற்றிவிடாதீர்கள். அது அளந்து, பதப்படுத்தித் தருவது. இது மரத்துக்கு.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. பணம் கையில்தான், கடன் கிடையாது. கேன் நீங்களே கொண்டுபோங்கள், மூடி திருகு மூடியாக இருக்கட்டும். அங்கே கொடுத்த கேனின் மூடி தளர்ந்து, வீடு வந்து சேர்வதற்குள் என் ஸ்கூட்டி சீட்டில் ஒரு சாண் அகலத்துக்குக் கறை. இரண்டு வருஷமாகத் தேய்க்கிறேன், சேங்கொட்டைக் குறி மாதிரி அப்படியே இருக்கிறது. பூசும்போது முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். என் வீட்டில் அதுவும் போதாது. நான் பிரஷ்ஷை எடுத்தால் அம்மா விளக்கெண்ணெய்ப் புட்டியோடு வந்துவிடுகிறாள்; முழங்கை வரை அவளே தேய்த்துவிட்ட பிறகுதான் கையுறையை மாட்ட விடுகிறாள்.